மூடிய நாள் அண்ணனுக்கு

அணைச் சங்கு ஊதியபோது மாதையன் அக்கரையில் இருந்த பாறைக் கரட்டின் மேல் சாமிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். சாமி முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். சங்கு நிற்கிறபாடாக இல்லை.

"ரொம்ப நீட்டி ஊதறாங்க," என்றார் சாமி.

"ஊதட்டுங்க."

"இந்தத் தடவை மூட மாட்டாங்கண்ணா. மதகுக் கதவு துருப்பிடிச்சுப் போச்சு. தண்ணி பூராவும் விட்டுப்போட்டுத்தான் கதவை மாத்தப் போறாங்களாம்."

"விடட்டுங்க சாமி. அதுக்குத்தான இத்தனை வருஷமாக் காத்துக் கெடக்கறேன்."

கீழே அணைத் தண்ணீர் ஈயத் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. மதகு திறந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் இவ்வளவு தூரம் தண்ணீரின் இழுப்பு வந்து சேரும்.

கரைமேட்டு ஊரில் அன்றைக்குச் சந்தோஷப்பட்டவன் மாதையன் ஒருவன்தான். மற்ற மீன்காரர்கள் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, கதவு மாற்றி, மழை பெய்து, மறுபடி தண்ணீர் ஏறுகிற வரைக்கும் எந்த ஊருக்குக் கூலிக்குப் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாமி என்று ஊர் சொன்னாலும் அவர் மாதையனைவிட வயதில் சின்னவர். ஒரு காலத்தில் இதே அணையில் லஸ்கராக இருந்தவர். மதகுச் சக்கரத்தைத் திருப்பித் தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும்தான் வேலை. ஒரு நாள் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு, ஒரு செம்போடு கரடு ஏறி வந்து உட்கார்ந்துவிட்டார். பெண்டாட்டி ஓடிப்போனாள் என்று சிலர் சொன்னார்கள். மதகில் ஒரு பிணம் சிக்கியதைப் பார்த்தார் என்று சிலர் சொன்னார்கள். அவர் எதையும் சொல்லவில்லை. ஊருக்கு வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

மாதையன் பெண்டாட்டி செத்த பிறகு அங்கே போக ஆரம்பித்தான். போனால் ஏதாவது கேட்பான். சாமி பதில் சொல்வார், அல்லது சொல்ல மாட்டார். அவன் அவரைச் சாமி என்பான். அவர் அவனை அண்ணா என்பார். குருவே அண்ணா என்று கூப்பிடுகிற சீடன் உலகத்தில் இவன் ஒருவன்தான் என்று கரைமேட்டில் கேலி பேசினார்கள். பேசியவர்கள் யார் யார் என்று மாதையனுக்குத் தெரியும். அவன் மறக்கிற ஆள் இல்லை.

"மரம் எப்பத் தெரியும் சாமி?" என்று கேட்டான்.

"உச்சிக் கொம்பு நாளைக்கே தெரியும்."

"உச்சி எனக்கு எதுக்குங்க. அடிமரம் தெரியணும். அடிமரத்துக்குப் பக்கத்துல கல்லு தெரியணும்."

சாமி கம்பில் இருந்த கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

அந்த மரத்தின் கதை இது.

அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது கரைமேட்டுக்காரர்களின் காடு கழனி எல்லாம் முழுகிப்போயிற்று. உழவு போய் வலை வந்தது. ஆனால் வரப்பு மட்டும் அவர்கள் மனசை விட்டுப் போகவில்லை. கீழே எவனுடைய காடு கிடக்கிறதோ, அதற்கு நேர் மேலே அவன்தான் வலை போடலாம் என்று வைத்துக்கொண்டார்கள். கரட்டையும் எதிர்மலையையும் கண்ணால் கோடு பிடித்துப் பார்த்து, இது என் சோளக்காடு, அது உன் கிணற்றுமேடு என்று தண்ணீரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். அவன் காடு முழுகியிருந்தால் சிரிக்க மாட்டான்.

மாதையனுக்கும் அவன் தம்பி சடையனுக்கும் அவர்கள் அப்பன் காட்டை இரண்டாகப் பிரித்து, நடுவில் கல் நட்டுக் கொடுத்திருந்தார். மேற்கே அண்ணனுக்கு, கிழக்கே தம்பிக்கு. கல் நட்ட அடுத்த மழைக்கே தண்ணீர் வந்துவிட்டது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம் நின்றது. மரம் கல்லுக்கு மேற்கே நின்றது என்றான் மாதையன். கிழக்கே என்றான் சடையன். தண்ணீருக்கு அடியில் போய் யார் பார்ப்பது.

சாதாரண மரம் என்றால் போகட்டும் என்று விடலாம். மதகு திறந்தால் தண்ணீர் நடக்கும். பழைய ஆற்றுத் தடத்தை ஒட்டி மெதுவாக ஓர் இழுப்பு வரும். பட்டுப்போன அந்தப் புளியமரத்தின் கொம்புகளில் இழுப்பு மோதி மட்டுப்படும். மரத்துக்குப் பின்னால் தண்ணீர் சும்மா நிற்கும். அடித்துக்கொண்டு வருகிற பூச்சியையும் பாசியையும் தின்பதற்கு ஜிலேபி மீனும் கெண்டையும் அங்கே வந்து அடை அடையாக நிற்கும். அன்றைக்கு அங்கே வலை போட்டவன் தூக்க முடியாமல் தூக்குவான்.

மதகு மூடினால் கதை வேறு. தண்ணீர் உட்கார்ந்துவிடும். மீன் கலைந்துவிடும். கொஞ்சம் ஆழத்துக்குப் போகும், கொஞ்சம் கரையோரம் போய்க் குழி பறிக்கும். மரத்தடியில் ஒரு குஞ்சு நிற்காது.

அண்ணன் தம்பி சண்டை முற்றி ஊர் நாட்டாமையிடம் போனது. அவர் எண்ணெய் மில் வைத்திருந்தவர். வலையைக் கையால் தொட்டதில்லை.

"தம்பிக்காரன் பிள்ளைகுட்டிக்காரன். மதகு திறக்கிற நாள் அவனுக்கு. மூடிய நாள் அண்ணனுக்கு," என்றார். "வருஷத்துல மூடியிருக்கிற நாள்தான ஜாஸ்தி? பாத்தா அண்ணனுக்குத்தான் லாபம்."

கூடியிருந்த மீன்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களின் பெயர் அத்தனையும் மாதையனுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். அது போதாது என்பது மாதையன் எண்ணம்.

அந்தத் தீர்ப்பை அவன் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டான். மதகு மூடிய ஒவ்வொரு நாளும் பரிசலை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனான். வலையைப் போட்டான். வெறும் வலையைத் தூக்கினான். மறுபடி போட்டான்.

"அதே வலையை ஆழத்துப் பக்கம் போட்டா கொழம்புக்காச்சும் ஆகுமே," என்றாள் பெண்டாட்டி.

"இன்னைக்கு நான் போகாம இருந்தா, விட்டுக்குடுத்துட்டான்னு அர்த்தமாயிரும்."

அவள் செங்கல் சூளைக்குப் போய்ச் சோறு போட்டாள். சாகிற வரைக்கும் போட்டாள்.

மதகு திறந்த நாளில் மாதையன் வீட்டை விட்டு வெளியே வர மாட்டான். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பான். தம்பி வலை கனத்து வருவதைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காது. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். சங்கு ஊதினால் மாதையன் வீட்டில் இருப்பான் என்று குழந்தைகூடச் சொல்லும்.

ஆரம்பத்தில் ஒரு தடவை சடையன் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணா, இன்னைக்கு மீனு நெரிஞ்சு கெடக்குது. நீயும் வந்து ஒரு பக்கம் போடு."

"உன்ற நாள்ல எனக்கென்ன வேலை?"

"ரெண்டு பேருக்கும் ஆவும்ணா."

"மரம் என்னுது. என்ற மரத்துல நீ எனக்குப் பிச்சை போடறயா?"

சடையன் துண்டைத் தோளில் போட்டான். பிறகு போய்விட்டான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தலைமுடி நரைத்தது, பேரன் பேத்தி வந்தது, பேச்சு வரவில்லை.

இப்போது தண்ணீர் இறங்கப் போகிறது. கல் சாட்சி சொல்லப் போகிறது.

"சாமி, நீங்க லஸ்கரா இருந்தப்பவே ஒரு தடவை பூராவும் திறந்து விட்டிருந்தா இந்நேரம் என்ற வழக்கு முடிஞ்சிருக்கும்," என்றான் மாதையன்.

"திறக்கச் சொன்னா திறப்பேன். மூடச் சொன்னா மூடுவேன். கீழே ஒரு மரம் இருக்கறது எனக்கு யாரும் சொல்லலீங்க."

"என்ற வயித்துல அடிச்சதுல பாதி உங்க கைதான்."

"இருக்கும்ணா," என்றார் சாமி.

---

உச்சிக் கொம்பு வெளியே தெரிந்து சில நாள் ஆகியிருந்தது. அதன் மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. சடையனின் மகள் ருக்கு மாதையன் வீட்டு வாசலுக்கு வந்தாள். கலியாணமாகி வெளியூர் போனவள். அவளை வாசலில் பார்த்ததும் மாதையனுக்கு விஷயம் பாதி புரிந்தது.

"பெரியப்பா."

"சொல்லு."

"அப்பாவுக்கு ரொம்ப முடியலீங்க. ஆசுபத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

மாதையன் திண்ணையில் கிடந்த வலையை ஓரமாக நகர்த்தினான்.

"உங்களைப் பாக்கணுங்கறாரு. வரச் சொன்னாரு."

"மரத்தைப் பத்திப் பேசவா?"

"அதெல்லாம் தெரியலீங்க. அண்ணனை வரச் சொல்லுன்னாரு. அவ்வளவுதான்."

"மரத்தைப் பத்தித்தான் இருக்கும்," என்றான் மாதையன். "தண்ணி எறங்குதில்ல. பயம் வந்திருக்கும்."

ருக்கு அவன் முகத்தைப் பார்த்தாள். "அவருக்குக் கண்ணே சரியாத் தெரியல பெரியப்பா."

"வர்றேன்னு சொல்லு. கல்லு தெரியட்டும். தெரிஞ்ச அன்னைக்கு வந்து, அவன் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். நடக்க முடியலேன்னா பரிசல்ல தூக்கி வச்சுக் கூட்டிட்டுப் போறேன். நிமிந்து வருவேன். சும்மா வந்து நிக்க மாட்டேன்."

அவள் போன பிறகு அவனுக்கு உள்ளே என்னவோ அரித்தது. மதகு திறந்த நாளாக இருந்தும் பரிசலை எடுத்துக்கொண்டு கரட்டுக்குப் போனான்.

"சாமி, தம்பி கூப்பிட்டு அனுப்பிச்சிருக்கறான். சாகக் கெடக்கறானாம்."

"சரிங்க."

"கல்லு தெரியறதுக்கு முன்ன நான் போனா, தோத்துட்டு வந்த மாதிரிதான இருக்கும்? கல்லு தெரிஞ்சப்பறம் போனா, நியாயத்தோட போன மாதிரி இருக்கும். நான் நெனைக்கறது சரிதானுங்களா?"

சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பரிசல் கெடக்குதா?"

"கெடக்குதுங்க."

"கரையோரம் போலாம் வாங்க."

மாதையன் துடுப்புப் போட்டான். சாமி நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் தினமும் இறங்கிக்கொண்டிருந்ததால் கரை பின்னால் பின்னால் போயிருந்தது. புதிதாக வெளியே வந்த சேறு கறுப்பாகப் பளபளத்தது. நாற்றம் அடித்தது.

சேற்றில் தட்டுத் தட்டாக வட்டக் குழிகள். ஜிலேபி பறித்த குழிகள். பாய் விரித்துச் சோற்றுத் தட்டை வரிசையாக வைத்த மாதிரி இருந்தது. முக்கால்வாசி காய்ந்துபோய்விட்டது. தண்ணீர் ஓரத்தில் இருந்தவற்றில் மட்டும் கொஞ்சம் ஈரம் நின்றது.

சாமி பரிசலை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்தார். ஒரு குழிக்குப் பக்கத்தில் நின்றார். மாதையனும் வந்து பார்த்தான். குழியில் கணுக்காலுக்குக்கூட எட்டாத தண்ணீர். அதில் கரியாகக் கறுத்த ஒரு ஆண் ஜிலேபி சுற்றிச் சுற்றி வந்தது. முதுகுச் சிறகு வெளியே தெரிந்தது.

"குழியில என்ன இருக்குதுங்கண்ணா?" என்று கேட்டார் சாமி.

"ஒண்ணும் இருக்காதுங்க. பொட்டை முட்டை போட்ட உடனே வாயில கவ்விட்டு ஆழத்துக்குப் போயிரும். ஆணு மட்டும் குழியைக் காத்துட்டுக் கெடக்கும்."

"வெறுங்குழியையா?"

"வெறுங்குழியைத்தான். வேற மீன் கிட்ட வந்தா முட்டும்."

"இதை எடுத்து ஆழத்துல விடுங்க."

மாதையன் குனிந்து இரண்டு கையாலும் மீனை அள்ளினான். முள் குத்தியது. சேற்றில் நடந்து, முழங்கால் தண்ணீர் வரைக்கும் போய் விட்டுவிட்டு வந்தான். குழிக்கும் தண்ணீருக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் மாதிரி ஈரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கையைக் கழுவி நிமிர்வதற்குள் மீன் அந்த ஈரத்தில் ஒருக்களித்துப் படுத்து, வாலை அடித்து அடித்து ஏறி, குழிக்குள் வந்து சேர்ந்தது. மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"இன்னொரு தடவை விடுங்க."

விட்டான். இன்னும் தள்ளிப் போய் விட்டான். மீன் திரும்பி வந்தது. இந்தத் தடவை அதன் வயிற்றில் செதில் உரிந்திருந்தது.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சேற்றில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. பறக்கவில்லை. அவசரப்படவும் இல்லை.

மாதையனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பாத்தீங்களா சாமி? மீனுக்குக்கூட எடம்னா என்னன்னு தெரியுது. செத்தாலும் அசையாது. இதைக் காட்டத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

சாமி அவனைப் பார்த்தார். பிறகு காக்கையைப் பார்த்தார்.

"போலாங்கண்ணா. வெயில் ஏறுது," என்றார்.

---

அடிமரம் தெரிந்த அன்றைக்குக் காலையிலேயே மாதையன் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். பரிசல் பாதி தூரம்தான் போயிற்று. மீதியைச் சேற்றில் இறங்கி நடந்தான். சில இடத்தில் தொடை வரைக்கும் முழுகியது.

மதகு திறந்திருக்கிற நாளில் அவன் அந்த மரத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை.

புளியமரம் கறுத்து, பட்டை எல்லாம் கழன்று, எலும்புக்கூடு மாதிரி நின்றது. கொம்புக்குக் கொம்பு அறுந்த நைலான் தங்கூசி வலை தொங்கியது. எது தன்னுடையது, எது தம்பியுடையது என்று மாதையனால் சொல்ல முடியவில்லை. அடிமரத்தைச் சுற்றி ஒரு பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் குஞ்சு மீன்கள் செத்து மிதந்தன.

கல் எங்கே என்று தேடினான். எங்கும் இல்லை. இத்தனை வருஷத்து வண்டல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. அவன் காடு, தம்பி காடு, பக்கத்துக் காடு எல்லாம் ஒரே மட்டமாகக் கிடந்தது. வரப்பு என்று ஒன்று இருந்ததற்கான தடமே இல்லை.

அவன் கடப்பாரையால் குத்திக் குத்திப் பார்த்தான். மேற்கே குத்தினான், கிழக்கே குத்தினான். சேறு கடப்பாரையை விழுங்கியது. மண்வெட்டியால் அள்ளினான். அள்ளிய இடத்தில் சேறு சரிந்து மூடியது.

உச்சி வேளைக்குக் கரையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ருக்கு. சேற்றில் இறங்கப் பயந்து, காய்ந்த ஓரத்தில் நின்று கையை வாயில் குவித்துக் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, உங்க வீட்டுல போய்த் தேடிட்டு வர்றேனுங்க. உடனே வாங்க."

"இதா, கெடைக்கப் போகுது."

"இப்பவே வாங்க பெரியப்பா. அப்பறம் தோண்டிக்கலாம்."

"வெறுங்கையோட என்னத்துக்கு வந்தேன்னு கேப்பான். சாயங்காலம் வர்றேன். சொல்லு."

"கேக்க மாட்டாருங்க."

"உனக்கு அவனைத் தெரியாது."

அவன் மறுபடி குனிந்து சேற்றை அள்ளினான். பிறகு நிமிர்ந்து பார்த்தபோது அவள் அங்கே இல்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கடப்பாரை எதிலோ பட்டு டங்கென்றது. மாதையன் கடப்பாரையைப் போட்டுவிட்டு மண்டியிட்டான். கையால் தோண்டினான். நகம் பெயர்ந்தது. சேற்றுக்குள் கையை விட்டுத் தடவினான். சதுரமான தலை. அதில் அப்பன் உளியால் கொத்திய சூலம் விரலுக்குத் தட்டுப்பட்டது.

கல் மரத்துக்குக் கிழக்கே இருந்தது. மரம் மாதையன் பக்கம்.

அவன் சத்தம் போடவில்லை. கல்லின் தலை மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. சிரித்தவன் ஒருத்தன்கூட இல்லை. எண்ணெய் மில் நாட்டாமை எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று.

பிறகு எழுந்து, தம்பி வீட்டுக்கு நடந்தான். சேற்றில் ஓட முடியாது. ஓடப் பார்த்தான். கரை ஏறியதும் என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தையை அடுக்கிக்கொண்டே போனான். முதலில் கல் என்று சொல்ல வேண்டும். பிறகு சூலம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் மரம் யாருடையது என்று அவனே சொல்லட்டும்.

தெரு முனையில் திரும்பும்போது வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். உள்ளே பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது.



---

மறுநாள் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது, "கையைக் கழுவிட்டு வாங்க," என்று யாரோ சொன்னார்கள். கழுவினான். நகக்கண்ணில் இருந்த சேறு போகவில்லை. அந்தக் கையாலேயே தம்பி வாயில் அரிசி போட்டான்.

எடுத்துக்கொண்டு போய் எல்லாம் முடிந்து திரும்பிய பிறகு, ருக்கு அவனுக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை.

"கடைசியா மரத்தைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

"இல்லீங்க பெரியப்பா."

"கல்லைப் பத்தி?"

"இல்லீங்க."

"ஒண்ணுமே சொல்லலையா?"

ருக்கு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நான் உங்களைக் கூப்பிட்டுட்டுத் திரும்பி வந்தேனில்ல, அப்ப முழிச்சாரு. மதகு திறந்திருக்குதான்னு கேட்டாரு. திறந்துதான் கெடக்குதுன்னேன்."

"அப்பறம்?"

"அப்ப அண்ணன் வீட்டுலதான் இருப்பாரு, வந்துருவாருன்னாரு. கதவைத் திறந்து வைக்கச் சொன்னாரு."

மாதையன் சொம்பைக் கீழே வைத்தான்.

"நீ என்ன சொன்னே?"

"ஆமாங்கப்பான்னேன். வேற என்ன சொல்லட்டும் பெரியப்பா."

---

காரியம் முடிந்த பிறகு மாதையன் கரட்டுக்குப் போனான். பரிசல் தேவைப்படவில்லை. தண்ணீர் நின்ற தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது. நடந்தே போனான். வழியில் ஜிலேபிக் குழிகள் ஓட்டுத் துண்டு மாதிரி காய்ந்திருந்தன. ஒரு குழியில் மீனின் தலை எலும்பு மட்டும் கிடந்தது. அது அந்தக் குழிதானா என்று அவனுக்குத் தெரியாது. குனிந்து பார்க்கவில்லை.

சாமி வெயிலில் சாக்கு விரித்துக் கம்பு காயவைத்துக்கொண்டிருந்தார். தூரத்தில் அணையில் புதுக்கதவு பொருத்துகிற சத்தம், இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம், நின்று நின்று கேட்டது.

மாதையன் எதிரில் உட்கார்ந்தான்.

"கல்லைப் பாத்துட்டேன் சாமி."

"அப்படிங்களா."

"கிழக்கால இருக்குது. அப்பன் வெட்டின சூலம் கையில பட்டுது. மரம் என்னுதுதான்."

"நல்லதுங்கண்ணா."

"நான் பொய் சொல்லல."

"இல்லீங்க."

"இத்தனை வருஷமா நான் சொன்னதுதான் நெசம்."

"ஆமாங்க."

சாமி கம்பைக் கையால் பரப்பிவிட்டார். ஒரு குருவி வந்து ஓரத்தில் கொத்தியது. அவர் விரட்டவில்லை. கீழே தட்டையாகக் கிடந்த சேற்றுக்கு நடுவில் புளியமரம் தனியாக நின்றது. கரட்டிலிருந்து பார்க்கும்போது அது யார் பக்கம் என்று ஒன்றும் தெரியவில்லை.

"இனி நான் என்ன பண்ணட்டும் சாமி?" என்று கேட்டான் மாதையன்.

சாமி நிமிர்ந்து அணையைப் பார்த்தார்.

"மழை வந்தா தண்ணி ஏறும். சங்கு ஊதும். இனி மதகு திறக்கற நாளும் உங்களுதுதாண்ணா."